மொழிபெயர்க்காமல் விட்ட நாலு நிமிடம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு தேவாலயத்தின் சின்ன மண்டபத்தில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பின்னேரம் நடந்தது. அன்று நான் செய்த பிழையை இதுவரை மூன்று பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். நாலாவதாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவள் நான். திருமணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் காலையில் வேலை. இங்கே மரியாதைக்குரிய பெண்களைச் சினியோரா என்பார்கள். அந்தச் சினியோரா நான் விடும் ஒவ்வொரு பிழையையும் திருத்தித் திருத்தியே எனக்கு இத்தாலி மொழியைப் பழக்கிவிட்டார். அதனால் எங்கள் சனத்துக்கு எங்கே கதைக்க வேண்டி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குவெஸ்தூரா என்று எல்லா இடத்துக்கும் போவேன். குவெஸ்தூரா என்பது இங்கே விசாப் பத்திரம் புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகம்.

அங்கெல்லாம் நான் பழகிய வித்தை ஒன்றுதான். வெட்டுவது. ஒருவர் ஏன் பத்திரத்தைப் பிந்திக் கொண்டுவந்தார் என்று அதிகாரி கேட்பார். இவர் ஊரில் அம்மா செத்தது, போக முடியாமல் போனில் செத்தவீடு பார்த்தது எல்லாம் கண்ணீரோடு சொல்லுவார். நான் "வீட்டில் ஒரு மரணம்" என்று மூன்று சொல்லில் முடிப்பேன். அதிகாரி தலையாட்டி முத்திரை குத்துவார். வெளியே வந்ததும் "தங்கச்சி கெட்டிக்காரி" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த மாசி மாதத்தில், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் அண்ணை ஒருவர் என்னிடம் வந்தார். லண்டனிலிருந்து ஓவியர் ஒருவர் வருகிறார், தன் படங்களைக் காட்டி, தான் வாழ்ந்த இரண்டு தலைநகரங்களைப் பற்றிப் பேசப் போகிறார், இத்தாலியர்களும் வருவார்கள், நீர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். கலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. ஓவியர் தன் பேச்சின் குறிப்பை நாலு பக்கத்தில் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அதை வைத்துக்கொண்டு ஒரு கிழமை சினியோராவோடு இருந்து சொற்களைத் தேடித் தேடிப் பாடமாக்கினேன்.

ஓவியருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மன்னார்ப் பக்கத்தவர். மெலிந்த ஆள். மண்டபத்தில் ஹீற்றர் போட்டிருந்தும் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளியை அவர் கழற்றவில்லை. நாங்கள் கொண்டுவந்த பற்றிஸைக் கையில் வாங்கினார், ஆனால் சாப்பிடவில்லை. பாரிஸில் பத்து வருடம், லண்டனில் எட்டு வருடம் இருந்தாராம். அதற்கு முதல் பலெர்மோவிலும் சில காலம் உணவகச் சமையலறை ஒன்றில் வேலை செய்தவர் என்று யாரோ சொன்னார்கள். "அந்தக் காலத்து இத்தாலி எல்லாம் எனக்கு மறந்து போச்சுது தங்கச்சி. பிளேட், கரண்டி எண்டு நாலு சொல்லுத்தான் மிச்சம்" என்று சிரித்தார்.

படங்கள் எல்லாம் கறுப்பு மையில் கீறியவை. இடது பக்கச் சுவரில் பாரிஸ், வலது பக்கத்தில் லண்டன். எனக்கே ஒரு வித்தியாசம் பட்டென்று தெரிந்தது. பாரிஸ் படங்களில் எங்கே பார்த்தாலும் முகங்கள், திறந்த வாய்கள், நீட்டிய விரல்கள். லண்டன் படங்களில் ஒரு முகம்கூட இல்லை. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள்.

மண்டபத்தில் அறுபது பேர்வரை இருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஆட்கள், பாதிப் பேர் இத்தாலியர். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் பாரிஸிலிருந்து தொடங்கினார். அது திருத்துகிற ஊர் என்றார். பேக்கரியில் பாண் வாங்கப் போனால், கடைக்காரி முதலில் உன் பிரெஞ்சைத் திருத்திவிட்டுத்தான் பாணைத் தருவாள். ஒருநாள் அவர் ஆற்றங்கரையில் இருந்து ஒரு பாலத்தைக் கீறிக்கொண்டிருந்தாராம். வழியில் போன ஒரு மனிதர் நின்று பார்த்தார். பாலத்தின் கால்கள் பிழை என்றார். இவர் சரி என்றார். அந்த மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு அரை மணித்தியாலம் வாதாடினார். இரண்டு பேருக்கும் கோபம். கடைசியில் அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். இவர் திரும்பப் பாலத்தைப் பார்த்தால், கால்கள் பிழைதான். "அண்டைக்கு நான் அழுதனான். அவமானத்திலை இல்லை. என்ரை படத்துக்காக ஒரு மனுசன் தன்ரை வேலைக்குப் பிந்திப் போனானே எண்டு."

நான் இதை இத்தாலியில் சொன்னபோது மண்டபம் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

பிறகு லண்டன். அங்கே ஒருவரும் எதையும் திருத்தமாட்டார்கள். ஒரு பூங்காவில் ஒரே மர வாங்கில் மூன்று வருடம் இருந்து கீறினாராம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் வருடம் சந்தோசம். லண்டன் என் படத்தை விரும்புகிறது என்று நினைத்தார். இரண்டாம் வருடம், வேண்டுமென்றே ஒரு குதிரைக்கு ஐந்து கால் கீறி வைத்துக்கொண்டு இருந்தார். அதற்கும் 'நல்லாயிருக்கு' என்றுதான் சொன்னார்கள். "நடைபாதையிலை எதிரை வாற ஆளுக்கு விலகி வழி விடுறம் எல்லே, அந்த மாதிரித்தான் அந்தச் சொல்லு."

ஆனால் அவர் லண்டனைக் குறை சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பாரிஸில் படம் கீற வேண்டுமென்றால் நீ கொஞ்சமாவது பிரெஞ்சுக்காரனாக மாற வேண்டும் என்றார். உன் நிறத்தைக்கூடக் குழைத்து வேறாக்கிக் காட்டச் சொல்லுவார்கள். லண்டனில் யாரும் உன்னை மாறச் சொல்லமாட்டார்கள். உன் சாமிப்படத்தையும் உன் சமையல் மணத்தையும் வைத்துக்கொண்டு நீ நீயாகவே இருக்கலாம். நீ இருக்கிறாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு மாணவி கையை உயர்த்தி, லண்டன் படங்களில் ஏன் முகங்களே இல்லை என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "பாரிஸிலை நான் எப்பவும் பிழை. லண்டனிலை நான் ஆளே இல்லை. ஆள் இல்லாதவனுக்கு ஆர் முகத்தைக் காட்டுவினம்?"

அதையும் சொன்னேன். யாரோ "பிராவோ" என்றார்கள். குறிப்பில் நாலாவது பக்கம் முடிந்துவிட்டது. நான் பெருமூச்சு விட்டேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த வயதான இத்தாலியர் ஒருவர் எழுந்தார். "சரி, கடைசியில் எது நல்ல ஊர்? எங்கே வாழலாம்?" என்று பகிடியாகக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஓவியர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். மண்டபத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இடையில் நிறுத்தவேயில்லை. அதுவரை ஒவ்வொரு வசனத்துக்கும் எனக்காகக் காத்திருந்த மனிதர், நாலு நிமிடம் ஒரே மூச்சில் பேசினார்.

எந்த ஊர் நல்லது என்பது பற்றி அவர் பேசவில்லை. இதே பலெர்மோவில் ஒரு இத்தாலியப் பெண்ணோடு வாழ்ந்து, நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனதைப் பற்றிப் பேசினார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எனக்கு முகம் சுட்டது. கலை பற்றிப் பேச வந்த இடத்தில் இவர் ஏன் வீட்டுக் கதையை அவிழ்க்கிறார்? பங்குத் தந்தை இருக்கிறார். இத்தாலியர் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு எங்கள் சனம் இதை எவ்வளவு காலத்துக்குக் கதைக்கும்? அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

அவர் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இத்தாலியில் சொன்னது இதுதான்: "இரண்டு நகரங்களும் எனக்கு நிறையத் தந்திருக்கின்றன. ஆனால் மீண்டும் பலெர்மோவுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி."

இத்தாலியர்கள் கைதட்டினார்கள். சொந்த ஊரைப் புகழ்ந்தால் யார்தான் தட்டமாட்டார்கள்.

கைதட்டும்போதே கடைசி வரிசையில் ஒரு இளம்பெண் எழுந்ததைக் கண்டேன். சுருட்டை முடி, மாநிறம், பட்டறைகளில் போடுவது போன்ற நீல மேற்சட்டை. யாரோ சிசிலிக்காரப் பிள்ளை என்று நினைத்தேன். அவள் ஒரு லண்டன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலை நோக்கி நடந்தாள். ஓவியர் அதற்கு முன்னமே வாசலடியில் போய் நின்றிருந்தார். அவள் கிட்ட வரும்போது அவருடைய கை பாதிக்கு உயர்ந்தது. அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள்.

கதிரைகளை அடுக்கும்போது எங்கள் பெண்கள் இரண்டு பேர் என் காதோடு சொன்னார்கள். "நல்ல வேலை செய்தீர். அந்தக் கதையைச் சொல்லியிருந்தா எங்கடை மானம் போயிருக்கும்." அந்த நேரத்தில் அது எனக்கு இனித்தது.

ஓவியர் என்னிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, நான் கடைசியிலை கதைச்சதை முழுக்கச் சொன்னனீங்களோ?"

"ஓம் அண்ணை. சுருக்கிச் சொன்னனான். ஆனா எல்லாம் சொன்னனான்."

வெட்டியது ஒரு பிழை. இது பொய். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவர் போன் எடுத்தார். விமான நிலைய பஸ்ஸுக்கு முதல் ஒரு கோப்பி குடிக்கலாம், நன்றி சொல்ல வேண்டும் என்றார். வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். அவருடைய சின்னப் பயணப்பெட்டி கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. கோப்பியை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"என்ரை மகள் வந்தவள் தங்கச்சி" என்றார்.

பேச்சில் அவர் பிள்ளையைக் கூப்பிட்டதை வெறும் புலம்பல் என்றுதான் நான் எடுத்திருந்தேன், அதனால் முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். தாயின் பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். லண்டனில் ஒரு இத்தாலியச் சினேகிதனைக் கொண்டு எழுதுவித்த கடிதம். நான் சொல்ல வேண்டியதை அங்கே எல்லாருக்கும் முன்னால் சொல்லுவேன், விருப்பமென்றால் வந்து கேள் என்று மட்டும் அதில் இருந்ததாம். கடிதத்தில் எழுதினால் கிழித்துப் போடுவாள், ஒளித்து வைத்துச் சொன்னால் அதுவும் கோழைத்தனம் என்று நினைத்திருக்கிறார். தாய் ஒரு வரியில் பதில் போட்டிருந்தாள். மகள் நகரின் ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவில் அலுமினிய யன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறாள், வருவதும் வராததும் அவள் விருப்பம் என்று.

"வருவாளோ தெரியாது, வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியுமோ எண்டு இருந்தன். ஆனா அந்த நெத்தி என்ரை அம்மாவின்ரை நெத்தி. கண்ட உடனை தெரிஞ்சுது."

நான் கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் கேட்டிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டாள். அதுதான் அவளின்ரை பதில். அதுக்கு அவளுக்கு உரிமை இருக்குது. ஆனா நான் சொல்லிப்போட்டன். உங்களாலைதான் சொல்ல முடிஞ்சுது. அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிரான்காச்சோவுக்குப் பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம். அவர் அந்த விமானத்தை விட்டிருக்கலாம். அண்ணை, நான் சொல்லவில்லை, அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். இத்தனை பேருக்கு வாயாக இருந்த எனக்கு எனக்காக ஒரு வாய் வரவில்லை. அந்த மனிதர் என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை உடைக்க எனக்குத் துணிவில்லை.

"பத்திரமாய்ப் போட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் போனது. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். போன் எடுத்துச் சொல்லிவிடுவோம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். சினியோராவுக்குச் சுகமில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, இப்ப சொன்னால் அவருக்கு இன்னும் நோகும், உயிர்த்த ஞாயிறு முடியட்டும் என்று ஒவ்வொரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. என் கணவருக்குக்கூட அப்போது சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசையின் முடிவில் பங்குத் தந்தை ஒரு ஆன்மாவுக்காக மன்றாடச் சொன்னார். சில காலம் நம்மிடையே வாழ்ந்தவர், அண்மையில் வந்து நமக்காகப் பேசியவர், லண்டனில் காலமான ஓவியர் என்றார்.

வெளியே தமிழ்ப் பள்ளிக்கூடத்து அண்ணையைப் பிடித்துக் கேட்டேன். "ஈரல்லை புற்றுநோய். போன வருசமே தெரியுமாம். இஞ்சை வரேக்கையே டொக்டர்மார் நாள் சொல்லிப்போட்டினமாம்" என்றார். அவர் எங்களிடம் எதற்காக வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த வெளிவாசலிலேயே நின்று நான் செய்ததை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியும்தானே, நான் வெட்டியதை அவர் அன்றைக்கே கவனித்திருந்தார். மகள் அங்கே இருந்தது அவருக்கும் தெரியாது.

அந்தப் பேச்சை அவர் தன் போனில் படம் எடுத்திருந்தார். அதை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"ஆள் போட்டுது. இனி இதைக் கிளறி என்ன செய்யப்போறீர்?" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. அனுப்புங்கோ."

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பிரான்காச்சோவுக்குப் பஸ் ஏறினேன். நல்ல வெயில். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பட்டறைகள். அலுமினிய யன்னல் செய்யும் இடம் எது என்று கேட்டுக் கேட்டுப் போனேன். இரண்டு இடத்தில் அப்படி ஒரு பெண் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், தகடு வெட்டும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் நின்றாள். அதே நீல மேற்சட்டை. கண்ணாடிச் சட்டம் ஒன்றை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைப் பார்த்தேன். எனக்கு அவருடைய அம்மாவைத் தெரியாது. ஆனால் அந்த நெற்றி அவருடையதும்தான்.

என்னைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் இத்தாலியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் மொழிபெயர்த்த சினியோரா."

ஓம் என்றேன். ஐந்து நிமிடம் வெளியே வர முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்குப் பின்னால், வெட்டிய தகடுகள் குவித்திருந்த ஒரு நிழலில் நின்றோம். பஸ்ஸில் நான் பாடமாக்கி வந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவள்தான் முதலில் கதைத்தாள்.

"நான் அன்றைக்கு ஏன் வந்தேன் தெரியுமா? அவர் என்னைப் பற்றி ஏதாவது சொல்லுவாரா என்று பார்க்கத்தான். ஒரு மணித்தியாலம் பாலம், குதிரை, பாண்கடை. நான் என் பெயருக்காக மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லைதானே. அது வரவில்லை. கடைசியில், இரண்டு நகரங்களும் எனக்கு நிறையத் தந்திருக்கின்றன, மீண்டும் பலெர்மோவுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றார்."

என் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் நாலு மாதம் அவள் மனதில் வைத்திருந்தாள்.

"அது அவர் சொன்னதில்லை. நான் சொன்னது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாலு நிமிடம் அவளைப் பற்றித்தான் பேசினார், நான் வெட்கப்பட்டு வெட்டிவிட்டேன், அவர் கேட்டபோது பொய் சொன்னேன் என்று. அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அவருடைய நம்பர் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்தக் கணத்தை என்னால் எழுத முடியவில்லை. அவர் இல்லை என்று சொன்னேன். எப்போது என்றாள். போன மாதம் என்றேன். அவள் போனைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தாள். வைக்க இரண்டு மூன்று தடவை எடுத்தது, கை பையைக் கண்டுபிடிக்கவில்லை.

"மாசி மாதத்தில் உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

"பஸ் அரை மணித்தியாலம்தான்."

"ஓம்."

"பிறகு ஏன்?"

பயம், வெட்கம் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசவில்லை.

என்னிடம் அந்தப் பேச்சு இருக்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின் மேல் இருந்துகொண்டாள். நான் பக்கத்தில் குந்தினேன். அந்த இடத்துக்கு ஓடவிட்டு, அவர் ஒவ்வொரு வசனம் சொன்னதும் நிறுத்தி, இத்தாலியில் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை. ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"எந்த ஊர் நல்லது எண்டு கேக்கிறியள். நான் பாரிஸுக்குப் படம் கீறத்தான் போனனான் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். அது பொய். இந்த ஊரிலை நாலு வயசுப் பிள்ளையை விட்டிட்டு ஓடினனான். அண்டைக்குக் காலமை நான் வேலைக்குத்தான் போறன் எண்டு நினைச்சு, பிள்ளைதான் என்ரை சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து தந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டேசனுக்குப் போனனான். பாரிஸிலை ஆக்கள் ஏசேக்கை, இது எனக்குக் காணும், இது அந்தப் பிள்ளைக்குச் செய்ததுக்குத்தான் எண்டு நினைப்பன். லண்டனிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் விடேக்கை, தப்பிட்டன் எண்டு நினைச்சன். தப்பேல்லை. பிள்ளை, நீ இஞ்சை இருக்கிறியோ எனக்குத் தெரியாது. இருந்தால் கேள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க நான் வரேல்லை. அப்பா போனதுக்குத் தான் ஏதோ பிழை விட்டதுதான் காரணம் எண்டு நினைச்சு நீ வளந்திருந்தா, அப்பிடி இல்லைப் பிள்ளை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தனான், பிள்ளை."

சப்பாத்து என்ற இடத்தில் அவள் கையை வாயில் வைத்தாள். பிறகு எடுக்கவேயில்லை.

பேச்சு முடிந்ததும் நான் நிறுத்த மறந்துவிட்டேன். போனில் என் குரல் வந்தது. தெளிவான, அழகான இத்தாலியில், மீண்டும் பலெர்மோவுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றது. கைதட்டல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பில்லை, பில்லை என்று. அது என்ன?"

"பிள்ளை. குழந்தை என்று அர்த்தம். நாங்கள் ஆசையாகக் கூப்பிடுவதும் அப்படித்தான். அது நீ."

அவள் திரும்ப ஓடவிடச் சொன்னாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திரையைப் பார்க்கவுமில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சொல் வரும்போதெல்லாம் விரலை மடக்கினாள். ஆறு விரல் மடங்கியது.

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து தன் நம்பரைச் சொன்னாள், அதை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். வந்துவிட்டதா என்று பார்த்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் தகடு வெட்டும் சத்தம் திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவளை நான் காணவில்லை. அந்த வருடக் கடைசியில் லண்டனிலிருந்து ஒரு செய்தி மட்டும் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அண்ணைக்கு வந்தது. ஓவியரோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தவர் சொன்னாராம், இத்தாலியிலிருந்து ஒரு இளம்பெண் வந்து, அவருடைய அறையில் மிச்சம் இருந்த படங்களையும் ஒரு சோடிச் சப்பாத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் என்று. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் இப்போதும் சனத்துக்காகக் கதைக்கப் போகிறேன். குவெஸ்தூராவில் அதிகாரி சலித்துக்கொள்வார், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா செத்ததைச் சொன்னால் அம்மா செத்ததைச் சொல்லுகிறேன், போனில் செத்தவீடு பார்த்ததையும் சொல்லுகிறேன். அது அந்த மனிதரைத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும்.

ஒரு தகப்பன் சாவதற்கு முன் ஒரே ஒரு தடவை துணிந்து சொன்னது, அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நான் நினைத்ததால் அவர் மகளிடம் போய்ச் சேராமல் அவர் கண்முன்னாலேயே நின்றுபோனதே, அந்த நினைவு ஒவ்வொரு முறையும் அடுத்தவருக்காக நான் வாயைத் திறக்கும்போது என் முன்னால் வந்து நிற்கிறது.